கழுவுகல்

அஸ்ரோர் கம்பளத்தின் ஓரத்தை மடித்துப் பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் மடித்தார். கதவிலிருந்து மூலைவரை வெள்ளை ஓடுகள். மூலையில் கண்ணாடித் தடுப்பு, அதற்குள் குளிக்கும் குழாய், பக்கத்தில் மேற்கத்தியக் கழிப்பறை. சுவரில் துண்டு மாட்டுவதற்கு ஒரு பளபளப்பான கம்பி.

"கழுவுகல் எங்கம்மா?" என்றார்.

மஸ்தூரா அப்பாவின் உடலைப் பொதிய வேண்டிய கபன் துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் கண்ணாடித் தடுப்பு இருக்கும் இடத்தில்தான் கல் இருந்தது. தரையைவிடத் தாழ்வாகப் பதித்த சதுரக் கல். நடுவில் ஒரு துளை. அடியில் மணல் போட்ட ஆழக் குழி. அதன்மேல் உட்கார்ந்துதான் அந்த வீட்டில் எல்லோரும் தொழுகைக்குக் கை கால் கழுவினார்கள். அதன்மேல் பலகை போட்டுத்தான் இறந்துபோன அம்மாவைக் குளிப்பாட்டினார்கள்.

"மூடிட்டோம்," என்றான் அவள் தம்பி ஒலிம். "டூரிஸ்ட் வர்ற ரூம் இது. தண்ணிக்கு என்ன, அதான் வடிகால் இருக்கே."

"அது எங்க போகுது?"

ஒலிம் கழிப்பறையைப் பார்த்தான். அஸ்ரோரும் பார்த்தார். முப்பது வருடமாகப் பழைய புகாராவில் இறக்கும் ஆண்களைக் குளிப்பாட்டி அனுப்புகிறவர் அவர். பக்கத்தில் நின்ற அவருடைய கூட்டாளி தலையைக் குனிந்துகொண்டான்.

"மையத்துக் குளிச்ச தண்ணிய அதுக்குள்ள விடச் சொல்றியா தம்பி?"

"முற்றத்துல ஒரு குழி வெட்டிடலாமே?" என்றான் கூட்டாளி.

"முற்றத்துக்கு அடியில தொட்டி இருக்கு," என்றான் ஒலிம், குரலைத் தாழ்த்தி. "இந்தக் கழிப்பறைக்குத்தான்."

"நல்லாத்தான் கட்டியிருக்க போ. வீட்டுக்காரன் போறதுக்கு மட்டும் வழி விடல," என்றார் அஸ்ரோர்.

அடுத்த அறையிலிருந்து பெண்களின் ஒப்பாரி உயர்ந்து தணிந்தது. மணி பத்தரை. அதிகாலையில் போன உயிர். நண்பகல் தொழுகைக்கு ஜனாஸாவைப் பள்ளிவாசலில் சேர்த்தாக வேண்டும்.

ஒலிம் ஒரு வழி சொன்னான். பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டுபோய் மல்பெரி மரத்தடியில் ஊற்றிவிடலாம். அஸ்ரோர் தாடியைத் தடவினார்.

"மார்க்கத்துல தடையில்ல. அடுக்கு மாடியில இருக்கிறவங்களுக்கு அப்படித்தான் செய்யறோம்." மஸ்தூராவிடம் திரும்பினார். "மவுத்து நேரத்துல நீதானம்மா பக்கத்துல இருந்த? எதாவது சொன்னாரா? சொல்லியிருந்தா அதுதான் முக்கியம். சொல்லலைன்னா தொட்டியக் கொண்டாங்க, ஆரம்பிக்கலாம்."

ஒலிம் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். கம்பளத்தை மறுபடி விரித்துவிடலாம். வாசலில் துக்கத்துக்காக அங்கியின்மேல் இடுப்புக்கச்சை கட்டி நிற்கும் ஆண்களின் வரிசையில் புர்ஹோனும் இருக்கிறார். பழைய நகரத்தின் கட்டடங்களைக் காக்கும் ஆய்வுக் குழுவின் தலைவர். மஸ்தூராவின் மேலதிகாரி. துக்கம் விசாரிக்க முதலில் வந்தவரே அவர்தான்.

பதினெட்டு வருடமாக மஸ்தூராவின் வேலை அந்தக் குழுவுக்கு வீடு வீடாகப் போய் அளப்பது. யார் ஜன்னலைப் பெரிதாக்க வேண்டும், யார் சுவரை இடிக்க வேண்டும், யார் மரத் தூணை மாற்ற வேண்டும் என்று மனுக் கொடுத்தாலும் முதலில் அந்த வாசலில் போய் நிற்பவள் அவள். படம் எடுப்பாள், அளவு குறிப்பாள், கடைசி வரியில் தன் பரிந்துரையை எழுதுவாள். குழு அநேகமாக அந்த வரியைத்தான் படிக்கும்.

மூன்று வருடம் முன்பு ஒலிம் இந்த அறையில் கை வைத்தபோது மனுவே கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. "மேல ஓடுதான்க்கா ஒட்டறேன், கல்லு அடியில அப்படியே இருக்கும்" என்றான். திரும்பப் பெறக்கூடிய மாற்றம். அவள் அறிக்கைகளில் அடிக்கடி வரும் சொற்கள் அவை. ஒன்றை மூடினாலும், பின்னால் வருகிறவர்கள் சேதமில்லாமல் திறக்க முடிந்தால் அது பெரிய குற்றமில்லை. அதை அவள் தனக்குள் பல தடவை சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா முற்றத்தின் கோடியிலிருந்த சின்ன அறையில் படுக்கையோடு கிடந்தார். என்ன சத்தம் என்று கேட்டார். கூரைக்கு மண் பூசுகிறார்கள் என்றாள்.

இன்று விடியும் முன் அவர் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உங்கம்மாவக் குளிப்பாட்டின இடத்துலயே என்னையும் குளிப்பாட்டச் சொல்லு." மூச்சு வாங்கியது. "கல்லு இருக்கில்ல?"

"இருக்குப்பா," என்றாள்.

முப்பத்தொரு வருடம் காகோன் ஊருக்குப் பேருந்து ஓட்டிய மனிதர். யாரிடமும் எதையும் கேட்டு வாங்கத் தெரியாதவர்.

"சொன்னாரு," என்றாள் மஸ்தூரா. "அம்மாவைக் குளிப்பாட்டின கல்லுல குளிப்பாட்டணும்னு சொன்னாரு."

"அக்கா!"

"ஓடுகளைப் பேத்துடு ஒலிம்."

"என்ன பேசற நீ? வெளிய யாரு நிக்கறாருன்னு தெரியுமா? சுத்தியல் சத்தம் கேட்டா முதல்ல உள்ள வர்றது அவருதான். எனக்கு அபராதத்தோட போயிடும். உனக்கு?"

"பேத்துடு."

ஒலிம் அசையவில்லை. அஸ்ரோரின் கூட்டாளிதான் போய்க் கடப்பாரையும் சுத்தியலும் எடுத்து வந்தான். முதல் அடியில் ஓடு நட்சத்திரம் போல விரிந்தது. அடுத்த அறையில் ஒப்பாரி சட்டென்று நின்றது. மறுபடி ஆரம்பிக்க ஆளில்லாததுபோல வீடு முழுக்க அமைதி, அதற்குள் அந்தச் சத்தம் மட்டும்.

நாலு ஓடுகள் வந்தன. அடியில் சாம்பல் நிறமாக இருந்தது. கல் மஞ்சள் கலந்த வெள்ளை. அவளுக்கு அதன் ஒவ்வொரு கீறலும் தெரியும். கூட்டாளி கடப்பாரையைச் செங்குத்தாகப் போட்டான். அது உள்ளே இறங்காமல் மணி போல ஒலித்துத் துள்ளியது.

"காங்கிரீட்டு," என்றார் அஸ்ரோர்.

மஸ்தூரா தம்பியைப் பார்த்தாள்.

"கல்லு உடைஞ்சு போச்சுக்கா," என்றான் ஒலிம், தரையைப் பார்த்துக்கொண்டு. "குழாய் போடணும்னு தோண்டறப்போ ரெண்டாப் போச்சு. குழியில ஒரு லாரி சிமெண்டு ஊத்தச் சொன்னான் மேஸ்திரி. இல்லைன்னா தரை இறங்கும்னான். உங்கிட்ட எப்படிச் சொல்றது? நீதான் எதையும் கேக்கல."

அவன் சொன்னதில் கடைசி வாக்கியம் உண்மை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் எழுத வேண்டியிருக்கும்.

"மணி பதினொன்னு ஆகப்போகுது," என்றார் அஸ்ரோர் மெல்ல. "தொட்டி கொண்டுவரச் சொல்லவா?"

மஸ்தூரா கபன் துணியை அவர் கையில் கொடுத்தாள். தலைத்துணியை இறுக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

மையத்து வீட்டு வாசலில் ஆண்கள் வரிசையாக நிற்கும்போது பெண் யாரும் அந்த வழியாகத் தெருவுக்குப் போவதில்லை. அவள் வந்ததும் வரிசை குழம்பி இரண்டாகப் பிரிந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். கோடு போட்ட நீள அங்கியில் நின்ற புர்ஹோன் ஓரடி முன்னால் வந்தார்.

"என்னம்மா மஸ்தூரா? உள்ள என்ன இடிக்கிறாங்க?"

"எங்க வீட்டுல கழுவுகல் இல்லை சார்." அது எல்லோருக்கும் கேட்டது. மெதுவாகச் சொல்ல முயன்றும் அப்படி வந்துவிட்டது. "மூணு வருஷமா இல்ல. எனக்குத் தெரியும். நான் எழுதல."

புர்ஹோன் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு திறந்திருந்த கதவைப் பார்த்தார். "இன்னைக்கு இந்தப் பேச்சு வேணாம்."

"சரி சார்."

"வியாழக்கிழமை பேசிக்கலாம்."

"சரி."

தெருவின் எதிர்ப்பக்கம், பத்தடி தூரம். உருகிய பனியும் களிமண்ணும் கலந்து காலைப் பிடித்தன. ஹாதிச்சாவின் கதவு. தெருவில் எல்லாப் பெண்களும் விடியற்காலையிலேயே அழ வந்துவிட்டார்கள். இந்த வீட்டுப் பெண் மட்டும் வரவில்லை. எல்லோரும் அதைக் கவனித்திருந்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

நாலு குளிர்காலத்துக்கு முன் ஹாதிச்சாவின் கணவன் நூருல்லோவுக்குச் சர்க்கரை நோயில் இடது காலை எடுத்தார்கள். அறைக்குள் அந்தத் தாழ்ந்த கல்லை மூடித் தரையைச் சமமாக்கி, கைப்பிடியோடு ஒரு குளியலிடம் கட்ட மனுக் கொடுத்தார்கள். மஸ்தூரா அளக்கப் போனாள். நூருல்லோ கட்டிலில் உட்கார்ந்தபடி அவளுக்குத் தேநீர் ஊற்றினார், கல்லின் வயதைப் பற்றிப் பெருமையாகக்கூடப் பேசினார். அவள் கடைசி வரியில் எழுதினாள்: மூல அமைப்பு. மாற்றம் பரிந்துரைக்கப்படவில்லை. போன குளிர்காலம் அவர் இறந்தார். அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் ஹாதிச்சா அவளிடம் பேசினாள், ரொட்டிக் கடையில், எல்லோர் முன்னாலும்: "உன் பேப்பர் நல்ல பேப்பரும்மா. அடுப்புல வெச்சா பட்டுன்னு பிடிச்சுக்குது."

தட்டுவதற்குள் கதவு திறந்தது. ஹாதிச்சா நீலத் துக்க உடையில் நின்றாள். புறப்பட்டு நின்று வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். தலைத்துணியும் கட்டியிருந்தாள்.

"வரணும்னுதான் துணி மாத்தினேன்," என்றாள். "உங்கப்பா நல்ல மனுஷன். எம் புருஷன ஆஸ்பத்திரியில விடறதுக்கு ரூட்டையே மாத்தி ஓட்டினவரு. ஆனா வாசல் வரைக்கும் வந்தா கால் நகரல. என்ன பண்ணச் சொல்ற?"

"ஹாதிச்சாக்கா, உங்க வீட்டுக் கழுவுகல்லு..."

"இருக்கா இல்லையான்னு பாக்க வந்தியா? இன்னைக்குமா?"

"கேக்க வந்தேன்க்கா. அப்பாவுக்கு."

ஹாதிச்சா அவள் தோளுக்கு மேலாக எதிர் வீட்டைப் பார்த்தாள். சுத்தியல் சத்தம் இந்தப் பக்கமும் கேட்டிருக்கும்.

"உங்க வீட்டுது?"

"சிமெண்டு போட்டுட்டாங்க."

"மேலயா?"

"அடி வரைக்கும்."

ஹாதிச்சாவின் வாயிலிருந்து சிரிப்புமில்லாத இருமலுமில்லாத ஒரு சத்தம் வந்தது. மஸ்தூரா தன் செருப்பில் ஒட்டிய சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கெஞ்ச வேண்டும் என்று தோன்றியது. மன்னிப்பு என்ற சொல் நாக்கில் வந்து நின்றது. அதைச் சொன்னால், கல்லுக்காகச் சொன்னதாக ஆகிவிடும்.

"எங்க வீட்டுல இருக்கு," என்றாள் ஹாதிச்சா கடைசியில். "நீ எழுதின மாதிரியே இருக்கு. ஒரு கீறல்கூட மாறல." திரும்பி உள்ளே நடந்தாள். நாலடி போய் நின்றாள். "மையத்த வெச்ச சந்தூக்கு உள்ள வரணும்னா ரெண்டு கதவும் திறக்கணும். இந்தப் பக்கத்துத் தாழ்ப்பாள் துருப்பிடிச்சுக் கிடக்கு. ஒரு கை பிடி."

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். இரும்பு உள்ளங்கையைக் கிழித்தது. மூன்றாவது இழுப்பில் வந்தது.

அறைக்குள் வெளிச்சம் கல்லின்மேல் சாய்ந்து விழுந்தது. துளையைச் சுற்றித் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. அதன்மேல் ஒரு மர முக்காலி. ஹாதிச்சா அதைத் தூக்கினாள், எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கொடுங்கக்கா," என்றாள் மஸ்தூரா.

"வெளிய வை."

அப்பாவைக் கொண்டுவந்தார்கள். தெரு முழுக்க ஆண்கள். ஒவ்வொருவரும் ஓரடி தோள் கொடுத்து அடுத்தவரிடம் மாற்றினார்கள். பத்தடித் தூரத்துக்கு அத்தனை தோள்கள். புர்ஹோனும் கொடுத்தார். ஒலிம் தலைமாட்டில் நடந்தான். சட்டைக் கையெல்லாம் சிமெண்டுத் தூள். அக்காவைக் கடக்கும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அஸ்ரோர் கதவைச் சாத்தினார். வெந்நீர் வாளிகள் உள்ளே போயின. ஹாதிச்சா எதிர் வீட்டுக்குப் போனாள். சற்று நேரத்தில் அங்கே நின்றுபோன ஒப்பாரியை அவள் குரல் எடுத்தது.

மஸ்தூரா சாத்திய கதவுக்கு வெளியே அந்த முக்காலியின்மேல் உட்கார்ந்தாள். அது வலப்பக்கமாகச் சாய்ந்தது. குனிந்து பார்த்தாள். அந்தப் பக்கத்துக் கால் இரண்டு விரல்கடை குட்டையாக இருந்தது. ரம்பம் கோணலாகப் போயிருந்தது, பழக்கமில்லாத கை அறுத்த மாதிரி. ஒற்றைக் காலோடு நூருல்லோ உட்கார்ந்து குளிக்க, கல்லின் சரிவுக்கு அளந்து வெட்டியது.

உள்ளே முதல் தண்ணீர் விழுந்தது. கல்லில் ஓடி, துளையில் இறங்கி, வெகு ஆழத்தில் மணலில் போய்ச் சேரும் சத்தம்.

அவள் வலது காலைத் தரையில் அழுத்தி ஊன்றினாள். அப்போதுதான் முக்காலி ஆடாமல் நின்றது. கதவு திறக்கும்வரை அந்தக் காலை அவள் எடுக்கவில்லை.