கீழத்துறையில் துவைத்த சட்டை

குழந்தை யேசு சிலையின் சட்டையைக் கையில் கொடுக்கும்போதே எர்மெலிந்தா எச்சரித்துவிட்டாள்.

"மேல ஊத்துல போய்த் துவச்சிட்டு வா எவாரிஸ்தா. கீழ எறங்கினேன்னு காதுல விழுந்துச்சு, அப்புறம் நான் பொல்லாதவ."

அந்த வருஷம் விழா எடுக்கும் வீட்டுக்காரி மேலத்தெரு எர்மெலிந்தா. திருவிழாவுக்கு முன்னால் சாமியின் துணிகளைப் பெண்கள் ஆளுக்கொன்றாக வாங்கித் துவைத்துத் தருவது மிச்சோகான் மலையில் இருந்த அந்த ஊரின் வழக்கம். முன்பெல்லாம் அது கீழத்தெருவின் ஓடைத்துறையில்தான் நடந்தது. பிறகு மேட்டில் அரசு மருத்துவமனை வந்தது. அதன் கக்கூஸ் குழாயை யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் ஓடையில் திருப்பிவிட்டார்கள். துறை நாறியது, சடங்கு மேலத்தெரு ஊற்றுக்குப் போய்விட்டது. அசிங்கம் பண்ணியது மருத்துவமனை, பட்டம் கிடைத்ததோ கீழத்தெருப் பெண்களுக்கு: சாக்கடைக்காரிகள். இதை நினைத்தாலே கீழத்தெருக்காரியான எவாரிஸ்தாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. மருத்துவமனைக் குழுவில் போய் உட்கார்ந்தாள். நர்ஸ் ரெபெகாவைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு அதிகாரிகளை நச்சரித்து, கழிவுத் தொட்டிக்குக் கீழ்ச் சரிவில் நீளமாக ஒரு குழி வெட்ட வைத்தாள். கீழத்தெருப் பெண்கள் கூடை கூடையாக ஜல்லி சுமந்து அதை நிரப்பி, சம்பங்கோரையும் கல்வாழையும் நட்டார்கள். இப்போது தொட்டியைத் தாண்டி வரும் கழிவுநீர் ஜல்லிக்கு அடியில், வேர்களுக்கு நடுவே மெல்ல ஊர்ந்து, மறுமுனையில் தெளிந்து ஓடையில் சேர்கிறது. தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பிப் பார்த்த ரெபெகா, துறையில் தாராளமாகத் துவைக்கலாம் என்று சொல்லிவிட்டாள். நாற்றம் போயிற்று. பட்டம்தான் போகவில்லை.

ஆகவே எவாரிஸ்தா கீழேதான் இறங்கினாள். ஒளிந்து மறைந்து அல்ல, பட்டப்பகலில், சட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு.

துறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நசாரியா வாயைப் பிளந்தாள். "ஏண்டி, உனக்கு இந்த வேண்டாத வேலை? அந்தப் பொம்பள உன்னை உண்டு இல்லைன்னு ஆக்கிருவா."

"ஆக்கட்டும். சோப்பை எடு."

மறுநாள் கோயில் முற்றத்தில் வாத்தியங்கள் முழங்க, குழந்தை யேசுவை மேசைமேல் நிறுத்தி உடுத்தத் தொடங்கினார்கள். எந்தத் துணியை யார், எந்தத் தண்ணீரில் துவைத்தது என்று பாட்டுக்காரர் செதெரீனோ கூவுவார். துணி அலசிய கடைசித் தண்ணீரை ஊரார் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வார்கள்.

"காலுறை! ஒதீலியா! மேல ஊத்து!"

அடுத்தது சட்டை. எவாரிஸ்தா ஒரு கையில் சட்டையும் இடுப்பில் தண்ணீர்ச் சட்டியுமாக வந்து நின்றாள்.

"எங்க துவச்ச?" என்றாள் எர்மெலிந்தா.

"கீழத்துறையில."

"அட கடவுளே! சாமிக்கே சீக்காளி மூத்திரமா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மேலத்தெருவே சிரித்தது.

"உங்க பன்னிக் கொட்டாய்க்குக் கீழ துவச்சா மட்டும் மணக்குதோ?" என்று எவாரிஸ்தா திருப்பிக் கொடுத்தாள். இப்போது கீழத்தெரு சிரித்தது. ஊற்றுக்கு மேலே மேய்வது யார் வீட்டுப் பன்றிகள் என்று தெரியாதவர் ஊரில் கிடையாது. எர்மெலிந்தாவின் முகம் சிவந்துவிட்டது.

ஆனால் வேறு சட்டை இல்லை. சாமிக்கு ஞானப் பெற்றோராக நின்றவர்கள் அந்த வருஷத்துக்கென்று தைத்துப் போட்டது இது ஒன்றுதான். எர்மெலிந்தா சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"இந்தா பாரு, வம்பு வேணாம். சட்டை சுத்தமாத்தான் இருக்கு. மேல ஊத்துன்னு கூவச் சொல்லிர்றேன். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

தலையாட்டினால் முடிந்தது. அந்த ஒரு கணம் எவாரிஸ்தாவுக்கு ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் தலையாட்டிவிட்டால் சுமந்த ஜல்லியெல்லாம் வீண். தன் மகளும் நாளைக்குச் சாக்கடைக்காரிதான். சட்டையை வெடுக்கென்று பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"சுத்தம்னு உன் வாயாலயே சொல்லிட்ட. எந்தத் தண்ணில சுத்தமாச்சுன்னு சொல்ல மட்டும் வாய் கூசுதா? கீழத்துறைன்னு கூவினாத்தான் சட்டை."

"குழந்தை குளிர்ல நிக்குதுடி, பாவி!"

"நிக்கட்டும். எங்க புள்ளைங்க இத்தனை வருஷம் நாத்தத்துல நின்னுச்சுங்க. உன் கண்ணு கலங்கிச்சா?"

வாத்தியம் நின்றுபோனது. நசாரியா வந்து எவாரிஸ்தாவின் தோளை ஒட்டி நின்றாள். அவள் பின்னால் ஜல்லி சுமந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து நின்றார்கள். சட்டையில்லாத சாமியைப் பார்த்து மேலத்தெருக் கிழவர்களே முணுமுணுக்கத் தொடங்கினார்கள். வேறு வழி தெரியாமல் எர்மெலிந்தா பாட்டுக்காரருக்குக் கையைக் காட்டினாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"அவரு வேணாம். நீ கூவு அக்கா," என்றாள் எவாரிஸ்தா.

எர்மெலிந்தா அவளை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். பிறகு கோயில் சுவர் அதிரக் கத்தினாள்: "சட்டை! எவாரிஸ்தா! கீழத்துறை! போதுமாடி? கீழத்துறை!"

எவாரிஸ்தா சட்டையைக் கொடுத்தாள். எர்மெலிந்தா பொத்தான்களை மாட்டி முடிக்கும்வரை காத்திருந்து, தண்ணீர்ச் சட்டியை அவளுக்கு முன்னால் நீட்டினாள். முற்றம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. எர்மெலிந்தா ஒரு விரல் நுனியைத் தோய்த்துவிட்டு, பாவாடையில் துடைத்துக்கொள்ளப் போனாள்.

"பாவாடையில இல்லக்கா," என்றாள் எவாரிஸ்தா, நீட்டிய சட்டியை விலக்காமல். "நெத்தியில."