கெட்டிலுக்கும் கோப்பைக்கும் நடுவில் ஒரு ‘ம்’

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்தின் மேல் வந்த எரிச்சலில் பிறந்தது. பல் மருத்துவர் வரச்சொன்ன நேரத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தேன், அவர் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் யாரோ விட்டுப்போன ஆய்வறிக்கை ஒன்று கிடந்தது. வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்கள் அன்றாட வேலைகளை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள், கற்றதை வேறு இடத்தில் செய்ய முடிகிறதா என்பது பற்றியது. ஓர் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இப்படி இருந்தது: “உடன் வந்தவர் உதவியதால் ஒருவரின் முடிவு நீக்கப்பட்டது.”

யார் அந்த ஒருவர்? உடன் வந்தவர் யார்? அப்படி என்னதான் உதவினார்? ஒரு விவரமும் இல்லை. ஓர் ஆளையே தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார்கள். பல்வலியோடு கோபமும் சேர்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். பல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: “காலை வெயில் ஜன்னல் கண்ணாடியில் பட்டுத் தெறிக்க, அந்த இளம் ஆய்வாளர் தன் கனவுகளை...”

வேண்டாம். அவளுக்குக் கனவு கினவு எல்லாம் கிடையாது. முதுகுவலி உண்டு.

இரண்டாம் தொடக்கம்: “அவன் ஒரு குழந்தை. முப்பத்திரண்டு வயதுக் குழந்தை.” இதை எழுதிய கையை நானே ஓர் அடி போட்டேன். முப்பத்திரண்டு வயது ஆள் முப்பத்திரண்டு வயது ஆள்தான். தானே சவரம் செய்துகொள்கிறார். டிவி ரிமோட்டை யாருக்கும் தருவதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் வேலை ஏவுவதால் வீட்டில் அவருக்கு மேனேஜர் என்று பெயர். நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

மூன்றாம் தொடக்கத்தை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். நான் எழுதுவதை அவள் துணி தேய்த்துக்கொண்டே கேட்பாள். “ம்” என்றால் மேலே போகலாம். சத்தமே இல்லையென்றால் அந்தப் பத்தி செத்தது. கல்யாணமான நாளிலிருந்து இதுதான் எங்கள் ஏற்பாடு. “ம்” வந்தது. ஆகவே கதை இப்படித் தொடங்குகிறது.

3

ஆய்வு அறை என்பது ஒரு போலிச் சமையலறை. மேடை உண்டு, குழாய் உண்டு, மின்சாரக் கெட்டில் உண்டு, குடும்பம்தான் இல்லை. மூலையில் ஒரு காமிரா. ஆய்வாளர் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து, “டீ போடுங்க” என்று ஒரே ஒரு முறை சொல்வாள். அதற்குப் பிறகு வழிகாட்டக் கூடாது, தலையாட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது. முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். (சொல்வதற்கு எளிது. மேனேஜர் அவளை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “டீச்சர், உடம்பு சரியில்லையா?”)

முதல் நாள் மேனேஜர் பிரமாதமாக டீ போட்டார். தண்ணீர் பிடித்தார், சுவிட்சைத் தட்டினார், கொதித்து நின்றதும் டீ பை போட்டிருந்த கோப்பையில் ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. அவருக்குப் பின்னால் கதவோரம் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த தங்கைக்கு முகமெல்லாம் பூரிப்பு.

“பாத்தீங்களா மேடம்? நான் வாயே தெறக்கல.”

அந்தப் பூரிப்புக்குக் காரணம் இருந்தது. அம்மா, அப்பா இருவரும் போனபின் அண்ணனுக்கு அவள் ஒருத்திதான். அவளுக்கு வேறு ஊரில் ஒரு நல்ல வேலை கிடைத்திருந்தது. மேனேஜரைப் போன்ற நான்கு பேர் சேர்ந்து தங்கும் வீடு ஒன்றில் ஓர் அறையும் காலியாகியிருந்தது. அங்கே உதவியாள் காலையிலும் மாலையிலும் மட்டும்தான் வருவார். நடுவில் அவரவர் பாட்டை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். முக்கியமாக, கொதிக்கும் தண்ணீரை மேலே கொட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். முடியும் என்று ஆய்வாளர் சொன்னால் அறை மேனேஜருக்கு. இல்லையென்றால் காத்திருக்கும் வேறொருவருக்கு.

4

மறுநாள் மதிப்பெண் போடுவதற்காக ஆய்வாளர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீடியோவைப் பார்த்தாள். மேனேஜர் குழாயடியில் நின்றார். “ம்.” குழாயைத் திறந்தார். சுவிட்சுக்கு முன்னால் நின்றார். “ம்.” தட்டினார். கெட்டிலின் பிடியில் கை வைத்தார். “ம்.” தூக்கினார்.

பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். மூக்கால் விடுகிற மூச்சைவிடக் கொஞ்சம்தான் பெரிய சத்தம். ஆனால் அது இல்லாமல் ஒரு காரியமும் நகரவில்லை. பாதி டீயை மேனேஜர் போட்டிருக்கிறார், மீதியைத் தங்கச்சியின் தொண்டை போட்டிருக்கிறது. “ஐயோ கடவுளே” என்று ஹெட்போனைக் கழற்றி மேசையில் எறிந்தாள்.*

(* இது அபூர்வமான விஷயம் இல்லை. ஒரு வேலையைக் கற்றுக்கொடுக்கும்போது நாம் தரும் சின்னத் தூண்டுதலும் அந்த வேலையோடு ஒட்டிக்கொள்ளும். கற்றவர் அதையும் வேலையின் ஒரு படியாகவே நினைப்பார். இதற்கு உளவியலில் நீளமாக ஒரு சொல் இருக்கிறது. எழுதிப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டி பக்கமிருந்து சத்தமே வரவில்லை. அடித்துவிட்டேன்.)

இந்த இடத்தில் எனக்கு ஆய்வாளர் மேலேயே சந்தேகம் வந்தது. அந்த ‘ம்’மைக் கேட்டது அவள் மட்டும்தான். பேசாமல் முழு மதிப்பெண் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அப்படியும் ஒரு வடிவம் எழுதினேன். அதில் தங்கை ரயில் ஏறினாள். மேனேஜர் புது வீட்டில் கொதிக்கும் கெட்டிலைக் கையில் தூக்கிக்கொண்டு, காலியாக இருக்கும் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தபடி, சத்தம் வரும் என்று...

என்னால் முடியவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

5

எனவே ஆய்வாளர் தங்கையைக் கூப்பிட்டு வீடியோவைப் போட்டுக் காட்டினாள்.

“இது நான் இல்ல மேடம்.”

“நீங்கதாங்க.”

“தொண்டையில ஏதாவது கரகரப்பா இருந்திருக்கும்.”

“ஒவ்வொரு தடவையுமாங்க?”

தங்கை இன்னொரு முறை கேட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. “சட்டை பட்டன், கதவுப் பூட்டு, டீ, எல்லாமே நான் சொல்லிக் குடுத்ததுதான். பக்கத்துலயே நின்னு நின்னு... சத்தியமா எனக்கே தெரியாது மேடம்.”

“நான் உங்களக் குத்தம் சொல்லல.”

“சொல்லுங்களேன்! சொன்னாலாவது சண்ட போடலாம். அந்த மூஞ்சிய மட்டும் அப்படி வச்சுக்காதீங்க, எனக்குப் பத்திக்கிட்டு வருது!” அவள் எழுந்து நின்றுவிட்டாள். “எங்கண்ணன் மேல எனக்கு உசிரு. ஆனா எனக்குப் போகணும். போயே ஆகணும். இதயும் சேத்து எழுதிக்கோங்க.”

ஆய்வாளர் எதையும் எழுதவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.

அடுத்த சோதனையில் தங்கை வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். மேனேஜர் குழாயடியில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு அலுப்போடு திரும்பினார்.

“பாப்பா, ம் சொல்லு. டீச்சருக்கு நேரமாவுது.”

அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. (உடனே அவரை ஞானியாக்கிவிடாதீர்கள், எனக்கே கை துறுதுறுத்தது. அவர் ‘ம்’ கேட்டார், அவ்வளவுதான். தண்ணீர், கெட்டில், கோப்பை, ம்.)

6

அதன்பின் வாராவாரம் பயிற்சி. ஆய்வாளர் தங்கையின் நாற்காலியை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளிப் போட்டாள். ‘ம்’மையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னாள். “நாற்காலி ஏன் ஓடுது?” என்று மேனேஜர் அதட்டினார். ஒரு வாரம் கோப்பையில் போட வேண்டிய டீ பையைக் கெட்டிலுக்குள் போட்டார். ஒரு வாரம் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, “டீ நல்லாருக்கு” என்று கிளம்பிவிட்டார். இன்னொரு வாரம் பாதி வேலையைத் தனியாகவே செய்து முடித்து, கடைசியில் ஊற்றும் இடத்தில் நின்றார். அதற்குப் பிறகு எல்லா வாரமும் அந்த ஒரே இடத்தில்தான். தங்கைக்கு எரிச்சல், ஆய்வாளருக்கு எரிச்சல், மேனேஜருக்கு எல்லாரையும்விட அதிக எரிச்சல். எழுதுகிற எனக்கு வருகிற எரிச்சலை யாரிடம் சொல்ல?

நான்கு பேர் தங்கும் அந்த வீட்டுக்காரர்கள் அறையை இனிமேலும் காலியாக வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே இது கடைசிச் சோதனை. தங்கை அறைக்குள் இல்லை. வெளியே நடைபாதையில் நிற்கிறாள்.

7

மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டாள்.

“போடுவாரா, மாட்டாரா? சும்மா இழுக்காதீங்க.”

“தெரியல.”

“நீங்கதான எழுதறீங்க?”

அதுதானே பிரச்சினை. மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில் மேனேஜர் டீ போடுகிறார், எல்லாரும் அழுகிறார்கள். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. அப்புறம்தான் உறைத்தது: அவர் போடவில்லை, பின்னால் நின்று நான் ‘ம்’ சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றில் அவர் போடவில்லை. தங்கை கைப்பையை எடுத்துக்கொள்கிறாள், “வாண்ணா, வீட்டுக்குப் போலாம்” என்கிறாள். அந்த முடிவைத்தான் ஏற்கெனவே பொடி எழுத்தில் அச்சடித்துவிட்டார்களே.

மூன்றாவது, குளிக்கும்போது தோன்றியது. மேனேஜர் தனக்குத் தானே “ம்” சொல்லிக்கொண்டு... அழகாகத்தான் இருக்கிறது. அந்த அழகுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கொதிக்கிற தண்ணீர் அவர் கைக்குத்தான் பக்கத்தில் இருக்கிறது, என் கைக்கு இல்லை.

ஆகவே பேனாவை மூடிவிட்டேன். மனைவியை வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டேன். முறைத்தாள், ஆனால் மூடிக்கொண்டாள். வெளியே தங்கை கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருக்கிறாள். ஆய்வாளர் முகம் சுவர் மாதிரிதான் இருக்கிறது. கெட்டில் கொதித்து, டக்கென்று நின்றுவிட்டது.

பாக்கி நீங்கள்தான். முதல் பத்தியிலிருந்து மனசுக்குள் ‘ம், ம்’ கொட்டிக்கொண்டே வந்திருக்கிறீர்கள். நான் இவ்வளவு தூரம் வந்ததே அதனால்தான். அதற்கு நன்றி. இனி வேண்டாம்.

மேனேஜர் கெட்டிலின் பிடியில் கை வைத்துவிட்டார். திரும்பிப் பார்க்கிறார். ஆய்வாளரை இல்லை, கதவையும் இல்லை, உங்களை.

தயவுசெய்து சும்மா இருங்கள்.