எட்டாம் சுற்றுக்கு எழாதவன்

குத்துச்சண்டைக்காரன் இறந்துபோனால் எங்கள் ஊரான யங்ஸ்டவுனில் ஒரு மரியாதை உண்டு. பழைய வீரர்கள் சங்கத்தின் ஆண்டு விருந்தில் அவன் ஆடிய ஆட்டங்களை ஒருவர் எழுந்து வாசிப்பார். பிறகு பத்து முறை மணி அடிப்பார்கள். மேடையில் விழுந்தவன் எழ நடுவர் பத்து எண்ணுவார்; அதை அவனுக்குக் கடைசியாக எண்ணுகிறோம் என்று அர்த்தம்.

இந்த ஆண்டு என் தம்பி லெமுவேல் பெட்வேயின் முறை. சங்கச் செயலாளர் வெண்டல் கிரிம்ஸ் தான் வாசிக்கப்போகும் தாளை ஒரு வாரம் முன்பே என் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். ஹெவிவெயிட் பிரிவில் நாற்பத்தொரு ஆட்டம், முப்பத்து நான்கு வெற்றி. கடைசி வரி: ‘1951, கிளீவ்லேண்ட். எட்டாம் சுற்றுக்கு எழ மறுத்தார்.’

“அந்த வரிய எடுத்துடுங்க” என்றேன்.

“ஹோரஸ் ஐயா, யங்ஸ்டவுன் முழுக்கத் தெரிஞ்ச கதை அது. வாசிக்காம விட்டா அத மட்டும்தான் எல்லாரும் நெனச்சுட்டு உட்கார்ந்திருப்பாங்க.”

“எங்க குடும்பத்துல யாரும் பாதியில விட்டதில்ல.”

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அலபாமாவிலிருந்து எங்களை இங்கே கூட்டிவந்த அப்பா எஃகு ஆலையில் உலையடியில் வேலை பார்த்தார். ஒருநாள் முழங்கை வெந்துபோனது. ஷிப்ட் முடிந்த பிறகுதான் கட்டுப்போடப் போனார். அந்தத் தழும்பைச் சாப்பாட்டு மேஜையில் எங்களுக்குக் காட்டுவார். “பெட்வே ஒருத்தன் பாதியில விட்டான்னு பேர் வரக்கூடாது.” நான் மூத்தவன். அந்தப் பேச்சைச் சொத்துபோல வாங்கி வைத்துக்கொண்டேன். தம்பி லெம் அதே நேரத்தில் சோளரொட்டியில் பாகு ஊற்றிக்கொண்டிருப்பான்.

அவன் ஆடிய காலம் எங்கள் தெருவின் நல்ல காலம். காலையில் அவன் ஆற்றோரம் ஓடும்போது, வேலை முடிந்து வெளியே வரும் ஆட்கள் கனத்த பூட்ஸோடு பத்தடி கூடவே ஓடி, மூச்சு வாங்கி நிற்பார்கள். ஆட்டம் நடக்கும் அன்று வீட்டுக்கு வீடு ஜன்னல் திறந்திருக்கும். எல்லா வீட்டிலும் ஒரே வானொலிக் குரல். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தாலும் ஒரு குத்துகூடத் தவறாது. ஜெயித்து வந்தவனிடம் அம்மா கையை நீட்டச் சொல்வாள். பத்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்த பிறகுதான் தட்டை வைப்பாள்.

ஆட்டத்தின்போது மேடையில் அவன் மூலையில் உதவிக்கு நிற்கும் ஆள் நான். சுற்று முடிந்ததும் ஸ்டூலைப் போடுவேன். வயிறு விரிந்து மூச்சு இறங்கும்படி அவன் கால்சட்டையின் இடுப்புப் பட்டியை இழுத்துப் பிடிப்பேன். மணி அடித்ததும் பட்டியை விட்டுவிட்டு ஸ்டூலை எடுப்பேன்.

கிளீவ்லேண்டில் ஜெயித்தால் அடுத்தது பட்டத்துக்கான ஆட்டம். ஏழாம் சுற்று முடிந்து வந்து உட்கார்ந்தவன் மெதுவாகச் சொன்னான்: “அண்ணே, பின்வாசல் விளக்கப் போடச் சொல்லு அம்மாவ. படி தெரியல.”

அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

பயிற்சியாளர் காதில் அது விழவில்லை. அவர் வாளியோடு படியிறங்கிவிட்டார். நான் கயிற்றுக்கு வெளியே, லெம்மின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். மணி அடித்தது. என் கை பட்டியை விடவில்லை. அவன் எழுந்தான், இழுத்தேன். மறுபடி எழுந்தான், மேடையின் மூலைக் கம்பத்தில் முழங்காலை ஊன்றிக்கொண்டு இழுத்தேன். அவ்வளவு அகலமான முதுகு, அரங்கில் யாருக்கும் என் கை தெரியவில்லை. மூன்றாம் முறை அவன் முயலவில்லை. நடுவர் பத்து எண்ணி முடித்தார்.

உடை மாற்றும் அறையில் அப்பா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். நான் வாய் திறப்பதற்குள் லெம் முந்திக்கொண்டான். “போதும்னு தோணுச்சுப்பா. உட்கார்ந்துட்டேன்.”

அப்பா தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

“அவருக்கு ரெண்டு பேர் மேல கோவம் எதுக்குண்ணே?” என்றான் லெம். “ஒருத்தன் போதும்.”

அதற்குப் பிறகு அவன் மேடை ஏறவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டினான். மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தான். கடைசி நாள்வரை எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். முடிதிருத்தும் மீக்ஸ் தன் கடைவாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, “வாடா லெம், உன் சிம்மாசனம்” என்றார். லெம் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். முப்பது வருடம், சனிக்கிழமைதோறும் உட்கார்ந்தான். நான் உள்ளே நாற்காலியில் செய்தித்தாள் படித்தேன். அப்பா இறந்த பிறகும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அதைக் குடும்ப மானம் என்று நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் விருந்து. வெண்டல் கடைசி வரிக்கு வந்ததும் நான் எழுந்தேன்.

“அத நான் சொல்றேன்.”

சொன்னேன். பட்டியை, கம்பத்தை, விளக்கை, எல்லாவற்றையும். யாரோ முள்கரண்டியைத் தட்டில் வைக்கும் ஓசை கேட்டது.

“நாங்க அவன வாய்க்கு வந்தபடி பேசினப்போ நீ பக்கத்துலயே பேப்பர் படிச்சுட்டு இருந்தியே, ஹோரஸ்” என்றார் மீக்ஸ்.

“ஆமா.”

“ஒரு தடவகூட தலையத் தூக்கலயே.”

“தூக்கல.”

வெண்டல் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்து, மேலே எழுதி வாசித்தார்: “எட்டாம் சுற்றுக்கு இரண்டு முறை எழுந்தார். அண்ணன் விடவில்லை.”

பிறகு மணி பத்து முறை அடித்தது.

வெளியே மீக்ஸ் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “சனிக்கிழமை கடைக்கு வா. அந்த ஸ்டூல் வாசல்லதான் கெடக்கு.”

போனேன். உட்கார்ந்தேன். அதற்குச் சாய்மானம் கிடையாது. நிமிர்ந்தே உட்கார்ந்து பழகிய எனக்கு அது தேவைப்பட்டதும் இல்லை.

“உன் தம்பி இதுல எவ்ளோ அழகா உட்காருவான்” என்றார் மீக்ஸ். “நீ என்னமோ சாட்சி சொல்ல வந்தவன் மாதிரி வெறச்சுக்கிட்டு இருக்க.”

கடையே சிரித்தது. வருகிறவன் போகிறவன் எல்லாம் ஆளுக்கொன்று சொன்னான். இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டேன். போதும் என்று எழப்போனேன். மீக்ஸ் பின்னாலிருந்து என் இடைவாரைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

“இருடா” என்றார். “அவன் முப்பது வருஷம் உட்கார்ந்தான்.”