மறுபடி திருப்பிய சாவி

"என் தப்புதான்" என்ற இரண்டு சொல்லுக்கு என்ன விலை என்று கண்ணாடிக் கடைக்காரரைக் கேட்டிருந்தால், அந்தச் சரக்கு நம்மிடம் கிடையாது என்று அடுத்த கடைக்குக் கை காட்டியிருப்பார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அது அவர் வாசல்படி ஏறியதில்லை. அதற்கும் ஒரு விலைச்சீட்டு ஒட்டப்பட்டது புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, மெக்கானிக் ஷெட்டில். ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம்.

கார் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. சீட்டுகளைக் கழற்றி வெயிலில் சாய்த்திருந்தார்கள். குளத்து வாடை அடித்தது. என்ஜினுக்குள்ளிருந்து எடுத்த கனெக்டிங் ராடை மெக்கானிக் பழைய செய்தித்தாள்மேல் வைத்தார். நேராக நிற்கவேண்டிய இரும்பு, படம் எடுக்க நிற்கிறவள் மாதிரி லேசாக இடுப்பை ஒடித்திருந்தது.

"காத்தை அமுக்கலாம் சார், தண்ணிய அமுக்க முடியாது. உள்ள தண்ணி போய் வண்டி நின்னா அப்படியே விட்டுடணும். யாரோ மறுபடி சாவியத் திருப்பியிருக்காங்க."

யாரோ என்றது மரியாதைக்கு. யாரென்று தெரியாதவர் யாரும் பாக்கியில்லை. ஒரு வாரமாகக் கடைக்காரரே விளம்பரம் செய்திருந்தார். ஜன்னல் கண்ணாடிக்கு அளவு சொல்ல வந்தவர்களிடமெல்லாம், "எங்க வீட்டு டீச்சர் காருக்கு நீச்சல் கத்துக்குடுக்கப் போனாங்க" என்று கண்ணாடியோடு ஒரு சிரிப்பையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மறுப்பேதும் சொல்லாமல் ஒரு வாரமும் பஸ்ஸில் போய்வந்தார்.

கடைக்காரருக்கும் டீச்சருக்கும் மட்டும் தெரிந்த பாகம் ஒன்று உண்டு. அன்று மழையில் கடைக்கு வந்து தன்னை ஏற்றிக்கொண்டு போகச் சொன்னவர் கடைக்காரர்தான். பாலத்தடியில் தண்ணீரைப் பார்த்ததும் டீச்சர் ஓரமாக நிறுத்திப் போன் செய்தார். "லாரி போகுதா? அது பின்னாடியே ஒட்டிக்கிட்டு வா." ஒட்டிக்கொண்டே போனார். லாரி தள்ளிய தண்ணீர் அலையாகத் திரும்பி வந்து காரின் மூக்கில் ஏறியது. வண்டி ஒரு விக்கல் விக்கி நின்றது. கட் பண்ணாமல் வைத்திருந்த போன் ஸ்பீக்கரில் கத்தியது: "நிக்க விடாத! மிதிச்சுக்கிட்டு சாவியத் திருப்பு."

"வேணாங்க, இடுப்பளவு தண்ணி."

"நான் சொல்றேன்ல, திருப்பு!"

திருப்பினார். உள்ளே எங்கோ 'டொக்' என்றது. அந்தச் சத்தம் போன் வழியாகக் கடைக்காரர் காதிலும் விழுந்தது.

இன்ஷூரன்ஸ் சர்வேயர் காரைச் சுற்றிச்சுற்றிப் படம் எடுத்துவிட்டு, ஓட்டியவர் எழுதவேண்டிய தாளை, அரை நாள் லீவு போட்டு வந்திருந்த டீச்சரிடம் நீட்டினார். ஐந்தாவது கேள்விமேல் விரல் வைத்தார்: வண்டி நின்ற பிறகு மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயன்றீர்களா? "ஆம்னா என்ஜின் செலவு ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்துக்குக் கம்பெனி பைசா தராது மேடம். இழுத்துட்டு வந்த செலவு, சீட்டுச் செலவு, அவ்வளவுதான். எழுதி வைங்க, ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

அவர் தலை மறைந்ததும் மெக்கானிக், "ஓடும்போதே தண்ணி ஏறினாலும் ராடு இப்படித்தான் வளையும். பார்த்து யாரும் பிரிச்சுச் சொல்லிட முடியாது" என்று காற்றைப் பார்த்துச் சொன்னார்.

கடைக்காரருக்கு முகம் தெளிந்தது. "கேட்டியா? 'இல்லை'ன்னு ஒரு டிக் போடு, வேலை முடிஞ்சுது."

"போடறேன்," என்றார் டீச்சர். "ஒரு வாரமா என்னைக் கேலி பண்ற உங்க தம்பிக்குப் போன் போடுங்க. திருப்பச் சொன்னது நான்தான், முழுத் தப்பும் என்மேலதான்னு சொல்லுங்க. இந்த மெக்கானிக் அண்ணாவும் கேக்கட்டும்."

"சாயங்காலம் சொல்லிக்கலாம்மா."

"கடையில கடனுக்குக் கண்ணாடி அறுத்துக் குடுப்பீங்களா?"

மெக்கானிக்குக் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைக்கும் வேலை திடீரென்று தலைபோகிற வேலையாகிவிட்டது.

லாபம் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம், போடவேண்டிய முதலோ நாலே வார்த்தை. இப்படியொரு பேரம் ஆயுசில் இரண்டாம் தடவை வராது என்று கடைக்காரருக்குத் தெரியாதா? போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னண்ணே, அண்ணிக்குப் படகு புக் பண்ணியாச்சா?"

கடைக்காரர் வாயைத் திறந்தார். ஆனால், கேட்ட விலையை அப்படியே எடுத்து நீட்டிப் பழகாத நாக்கு அது. பத்து கேட்டால் அஞ்சில் ஆரம்பிக்கும். "டேய், அந்த என்ஜின் விஷயம்... பாதித் தப்பு என் மேலயும் இருக்குடா."

எதிர்முனையில் சிரிப்பு நின்றது. "என்னண்ணே, உடம்பு சரியில்லையா?"

போனை அணைத்துவிட்டு, சல்லிசாக முடித்த மிதப்பில் மனைவியைப் பார்த்தார். "போதுமா?"

"பாதிங்கறது சரிதான். சொன்ன வாய் உங்களுது, திருப்பின கை என்னுது," என்றபடி டீச்சர் தாளில் டிக் போட்டார். 'ஆம்' என்ற கட்டத்தில்.

"அடிப்பாவி! என்ன பண்ணிட்ட?"

"முழுசாச் சொல்லியிருந்தா இல்லைன்னு போட்டிருப்பேன். பாதிக்குன்னு தனியா கட்டம் இல்லீங்க."

சர்வேயர் வந்தார். தாளைப் பார்த்தார், டீச்சரை ஒருதரம் பார்த்தார், மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஐந்து நிமிஷமும் கடைக்காரர் வளைந்த ராடைக் கையில் எடுத்துக்கொண்டு, நிமிர்த்திவிடலாமா என்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, பில்லை ரெண்டாப் போடுங்க," என்றார் டீச்சர். தன் போனை எடுத்துத் தன் பங்கை அனுப்பினார். வளையலுக்கென்று மாசாமாசம் ஒதுக்கிக்கொண்டிருந்த பணம் அது, கடைக்காரருக்கும் தெரியும். மெக்கானிக்கின் போன் ஒருதரம் மணியடித்து அடங்கியது.

மெக்கானிக் கட்டைவிரலால் தாளைப் பிடித்துக்கொண்டு நடுவில் ஒரு கோடு கிழித்தார். இடப்பக்கம்: டீச்சர், தொண்ணூற்று மூவாயிரம். வரவு, தொண்ணூற்று மூவாயிரம். பாக்கி இல்லை. வலப்பக்கம்: சார், தொண்ணூற்று மூவாயிரம். வரவு என்று எழுதிவிட்டு, பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே நிமிர்ந்தார்.

"ஏதாவது பார்த்துக் குறைச்சுப் போடுப்பா," என்றார் கடைக்காரர்.

டீச்சர் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று வாசல்பக்கம் நடந்துகொண்டிருந்தார். வரவு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பேனாமுனை நின்ற இடத்தில் மை ஒரு பொட்டாக ஊறிப் பரவிக்கொண்டிருந்தது.