ஆர்விட் சத்தப்பெட்டி வாங்கிய கதை, முடிவு நீங்கலாக

1

இந்தக் கதை எனக்கு ஞானதிருஷ்டியில் ஒன்றும் வரவில்லை. அமெரிக்காவில், டகோட்டாவின் மேற்கு மூலையில், மாட்டுத் தீவனமும் துப்பாக்கி ரவையும் ரப்பர் பூட்ஸும் விற்கிற கடையில், கல்லாவுக்குப் பின்னால் நின்றபோது கிடைத்தது. சம்பளமும் அங்கேதான் கிடைக்கிறது. கதை எழுதி எவன் உருப்பட்டான்?

2

முதல் தொடக்கம்: "வசந்தத்தின் இளங்காற்று புல்வெளியை வருடிச் செல்ல..." வேண்டாம். எங்கள் ஊர்க் காற்று எதையும் வருடாது. தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும்.

இரண்டாவது: "கயோட்டியை ஏமாற்ற விரும்புகிறவர் முதலில்..." இதுவும் வேண்டாம், வேட்டைக் கையேடு மாதிரி இருக்கிறது.

மூன்றாவது: லவோனுக்குக் கடும் கோபம். இது நிற்கும் போலிருக்கிறது. பிடித்துக்கொண்டு போவோம்.

3

லவோனுக்குக் கடும் கோபம். தாயில்லாத மூன்று ஆட்டுக்குட்டிகளை அடுப்பங்கரையில் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, புட்டிப்பால் கொடுத்துத் தேற்றி, கொட்டகைக்குப் பக்கத்துப் பட்டியில் விட்டிருந்தாள். அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், ஒன்றைக் காணோம், மற்ற இரண்டும் கழுத்து கடிபட்டுக் கிடந்தன. கயோட்டியின்* வேலை. அதுவும் பட்டப்பகலில். புருஷன் ஆர்விட் கொட்டகைக்குள்தான் டிராக்டரைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு சத்தம் இல்ல லவோன். அதுங்க ஒரு தடவை கத்தியிருந்தா நான் விட்டிருப்பேனா?"

அவள் நம்பினாள். கயோட்டி அவ்வளவு கெட்டிக்காரத் திருடன் என்று நினைத்துக்கொண்டாள்.

(*நரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் நிற்கிற களவாணிப்பயல். விலங்கியல் பெயர் வேண்டுமென்றால் தெரிந்தவரைக் கேளுங்கள், எனக்கு வேலை இருக்கிறது.)

4

ருசி கண்டது மறுபடி வரும். அதனால்தான் இருவரும் சத்தப்பெட்டி வாங்கக் கடைக்கு வந்தார்கள். பெட்டியைப் புல்லில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் ஒளிந்துகொள்ள வேண்டும். ரிமோட்டை அழுத்தினால் அடிபட்ட முயல் மாதிரி அலறும். சாப்பாடு என்று கயோட்டி வரும். மீதியைத் துப்பாக்கி பார்த்துக்கொள்ளும். (இந்தக் கதையில் துப்பாக்கி வெடிக்காது. அதை நம்பிப் படிக்க உட்கார்ந்தவர்கள் மன்னிக்கவும்.)

ஆர்விட்டை நான் முதலில் வாய்ச்சவடால் பேர்வழியாக எழுதியிருந்தேன். சிரிப்பு வரட்டும் என்றுதான். பிறகு அந்த வரிகளை அடித்துவிட்டேன். அந்தக் குட்டிகளைப் புதைத்த அன்று அவர் சோற்றில் கை வைக்கவில்லை. (சோறு என்பது என் கைப்பழக்கம். அவர் தொடாதது மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும்.)

நான் கல்லாமேல் எடுத்து வைத்த மூன்று பெட்டிகளில் முதலாவதைக் காட்டி, "முயல் சத்தம் போடு," என்றார்.

லவோன் அழுத்தினாள். முயல் அலறிய அலறலில் ஓசிக் காப்பி குடிக்க வந்த டுவைன் சட்டையில் ஊற்றிக்கொண்டான். கடைப் பூனை அலமாரியிலிருந்து பெட்டிமேல் பாய்ந்தது.

"என்னப்பா, பேட்டரி போடலையா?" என்று என்னைக் கேட்டார் ஆர்விட். "அந்தப் பூனைக்கு என்ன கேடு?"

"யோவ் ஆர்விட், காதை டிராக்டர்லயே கழட்டி வச்சிட்டு வந்துட்டியா?" என்றான் டுவைன்.

"உன் தொண்டை மட்டும் நல்லாத்தான்டா கேக்குது, என் தலையெழுத்து!"

கடையே சிரித்தது. லவோனும் சிரித்தாள். பிறகு அடுத்த பெட்டி, எலிக்குஞ்சு சத்தம். அதற்கும் உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவதில் கயோட்டியின் ஊளை, அடிவயிற்றிலிருந்து வருகிற கனத்த சத்தம். "இது சரக்கு!" என்று தொடையைத் தட்டினார். அப்போது லவோனின் சிரிப்பு நின்றுவிட்டது.

இத்தனை வருஷமாகக் கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறார் என்று சண்டை போட்டிருக்கிறாள். அது திமிர் இல்லை. கனத்த சத்தம் கேட்கிறது, கீச்சுச் சத்தம் விழவே இல்லை. அப்படியென்றால் அன்றைக்குக் குட்டிகள் கத்தியிருக்கின்றன. மூன்றும் கத்தியிருக்கின்றன. இவர் பத்தடியில் உட்கார்ந்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவளுக்கு ஐயோ பாவம் இந்த மனுஷன் என்றிருந்தது.

5

"ஒண்ணு பண்ணு," என்றார் ஆர்விட். "ஆட்டுக்குட்டி சத்தம் இருக்கா பாரு. அதை வச்சு எது நல்ல பெட்டின்னு நான் சொல்லிடுறேன். பொறந்ததுலேருந்து அதைக் கேட்டு வளர்ந்தவன், எனக்கா தெரியாது?"

"வேணாம் ஆர்விட். ஊளை போடுறதையே எடுத்துக்கலாம்."

"அட, போடுங்கிறேன்!"

அவள் என்னைப் பார்த்தாள். நான் யோக்கியன் மாதிரி விலைச்சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். அவள் அழுத்தினாள்.

குட்டி கத்தியது. பிறந்த குட்டி பாலுக்குக் கத்துகிற சன்னமான சத்தம். டுவைன் குவளையைக் கீழே வைத்தான்.

ஆர்விட் தலையைச் சாய்த்து, முகத்தில் சிரிப்போடு காத்திருந்தார்.

"ம், போடேன்."

லவோன் வாயைத் திறந்தாள். அவள்

6

இங்கே மாட்டிக்கொண்டேன்.

ஒரு முடிவு: அவள் உண்மையைச் சொல்கிறாள். அவர் காதுக்கருவி மாட்டிக்கொள்கிறார். அடுத்த வசந்தத்தில் குருவி பாடுவதைக் கேட்டு இருவரும் கைகோத்து... எழுதியபோதே பல் கூசிவிட்டது. ஆர்விட்டை எனக்குத் தெரியும். செத்த குட்டிகள்தான் அந்தக் கருவியில் அவருக்குக் கேட்கும், வேறெதுவும் கேட்காது.

இன்னொன்று: "இந்தப் பெட்டி ரிப்பேரு," என்று சொல்லி, ஊளைப்பெட்டியை வாங்கிக்கொண்டு கூட்டிப் போகிறாள். கண்ணியமான பொய். ஆனால் அடுத்த வருஷமும் தாயில்லாக் குட்டிகள் வரும். அவளும் என்றைக்காவது வெளியே போவாள். பட்டிக்குக் காவல் இவர்தான்.

வாசகரே, நான் சாமான் விற்கிறவன். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் வந்து நிற்கிற தைரியம் எனக்கு இல்லை. உங்களுக்கு இருந்தால் வாருங்கள், ஆனால் சீக்கிரம். நான் இவ்வளவு அளந்துகொண்டிருந்த நேரமெல்லாம் அந்தக் குட்டி கத்திக்கொண்டேதான் இருக்கிறது. லவோனின் விரல் பொத்தானை விட்டு நகரவில்லை. அவருடைய சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். டுவைனைப் பார்த்தாயிற்று, என்னையும் பார்த்தாயிற்று.

இப்போது உங்களைப் பார்க்கிறார்.