சன்னலோரத் தொட்டிகள்

காவ்யா வீட்டைவிட்டுப் போனது 2004 ஆவணியில். போளூர்ப் பையன் ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள் என்று மறுநாள் தெரிந்தது. அன்றைக்கே அவள் அப்பா ராஜவேலு தறி அறையின் தெருப்பக்கச் சன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். போகிற வருகிறவர்களெல்லாம் எட்டிப் பார்த்து விசாரிப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. பகலிலும் டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு நெய்தார்.

அந்தச் சன்னலின் உள்பக்க மேடையில் காவ்யா வளர்த்த தொட்டிகள் இருந்தன. இரண்டில் குட்டை ரோஜா, ஒன்றில் பிகோனியா. மகளின் துணிமணிகளை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டவர் தொட்டிகளை மறந்துவிட்டார். மனைவி தெய்வநாயகியும் நினைவுபடுத்தவில்லை. அவர் டீக்கடைக்குப் போகும் நேரம் பார்த்துத் தண்ணீர் ஊற்றிவந்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் பார்த்தால் இலைகளில் மாவு தூவியதுபோல வெள்ளை. தூசி என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தாள், தலையோடு தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். அந்த வாரமே வெள்ளை மொட்டுவரை ஏறிவிட்டது.

ஓர் இலையை முந்தானையில் முடிந்துகொண்டுபோய் உரக்கடையில் காட்டினாள்.

"சாம்பல் நோய்மா இது. இலை மேல தண்ணி ஊத்திகினு இருந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"தூசின்னு கழுவினேங்க."

"வேருக்கு மட்டும் ஊத்துங்க. நோய் புடிச்ச இலைய கிள்ளி எரிச்சிடுங்க. இந்தக் கந்தகப் பவுடர தண்ணியில கலக்கி அடிங்க. தொட்டிங்கள தள்ளித் தள்ளி வைங்க. காத்து இல்லாத எடமா இருந்தா மட்டும், இன்னா அடிச்சாலும் திரும்பி வரும்."

கிள்ளி முடித்தபோது செடிகளில் குச்சிதான் மிச்சமிருந்தது. மருந்து அடித்தாள். துளிர் வந்தது, அதுவும் வெள்ளையாகவே வந்தது. வாசலில் வைத்தால் ஆடு மேய்ந்துவிடும். பின்பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். வேறு வழியில்லாமல் கணவரிடம் கேட்டாள்.

"சன்னல கொஞ்சம் தொறக்கணுங்க. செடிக்கு காத்து வேணுமாம்."

ராஜவேலு நெய்வதை நிறுத்தினார். "யாரு வெச்ச செடி அது?"

அவள் தொட்டிகள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தூக்கிப் போடு. பேஜார் பண்ணாத."

மறுநாள் காலை அவர் தறியில் இருக்கும்போதே தெய்வநாயகி தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் தள்ளினாள். எதிர்வீட்டுப் பூங்காவனம் கோலமாவுக் கிண்ணத்தோடு அப்படியே நிமிர்ந்தாள்.

"இன்னா நாயகி, காவ்யாகிட்டேருந்து சேதி எதனா வந்துச்சா?"

"வரலக்கா. அவ போளூர்ல கீறான்னு தெரியும். அவ்ளோதான்."

மகள் பெயர் அந்த வீட்டில் காதில் விழுந்து மாதங்கள் ஆகியிருந்தன. ராஜவேலு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. சாயங்காலம் வந்து, தறிக்கும் சன்னலுக்கும் நடுவே பழைய வேட்டி ஒன்றைத் திரைபோலக் கட்டினார். சன்னலைச் சாத்தவில்லை. அவளோடு பேசவுமில்லை.

கார்த்திகைக் கடைசியில் ரோஜாக்கள் பச்சையாகத் துளிர்த்தன. பிகோனியா அழுகிப்போயிற்று. தெய்வநாயகி அதை வேரோடு பிடுங்கி எரித்தாள். தொட்டியைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் கவிழ்த்தாள். அதில் வேறு செடி வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

பொங்கலுக்கும் காவ்யா வரவில்லை. இவர்களும் கூப்பிடவில்லை. வேட்டித் திரைக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.