வசனம் இல்லாத காட்சி

திரை ஏறிவிட்டது, ரோஸிக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. நாடகம் தொடங்குவதற்குள் அம்மாவிடம் கல்யாணப் பேச்சை எடுத்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்திருந்த அச்யுத், கடைசி நிமிஷத்தில் வேர்க்க விறுவிறுக்க வந்து மீசையை ஒட்டிக்கொண்டு மேடைக்கு ஓடினான். அவன் அம்மா சூடாமணி முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். நாளைக்குச் சர்ச்சில் பூசை முடிந்ததும் ரோஸியின் அம்மா தேசம்மா பாலவாக்கத்து மாப்பிள்ளை வீட்டாருக்கு வாக்குக் கொடுத்துவிடுவாள். மீன்காரி மகளுக்கு மயிலாப்பூர் அய்யர் வீட்டுப் பையனா என்று கேட்டவளிடம் ரோஸி கெஞ்சி வாங்கிய கெடு இன்றோடு சரி.

சபா நாடகம் என்றாலே வாய் ஓயாது. ஆனால் இயக்குநர் வேதாந்தத்துக்குக் கறுப்பு வெள்ளைக் காதல் காமெடிப் படங்கள் என்றால் பைத்தியம். அந்தக் காலத்தில் ஒரு புருவம் ஏறினால் கொட்டகையே சிரிக்குமாம். அதனால் இரண்டாம் காட்சியில் வசனமே கிடையாது. கதாநாயகியின் அப்பாவாக அவர் நடுவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அவர் தலைக்குப் பின்னால் காதலர்களான ரோஸியும் அச்யுத்தும் கண்ணாலும் விரலாலும் பேசிக்கொள்ள வேண்டும். மறந்தும் சிரித்துவிடக் கூடாது. ரோஸிக்கு இன்றைக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

அந்தக் காட்சி வந்ததும் புருவத்தை உயர்த்தி முதல் வரிசையைக் காட்டினாள். சொல்லிட்டியா? அச்யுத் தலைக்கு மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தான். சபை சிரித்தது. அட பாவி, அது ஒத்திகையில் உள்ளதுதானே! இது பதிலா, நடிப்பா?

ஒத்திகையில் இல்லாததைச் செய்தாள். மோதிர விரலைத் தொட்டு, தன்னையும் அவனையும் காட்டி, முகவாயால் சூடாமணியைக் காட்டினாள். சிரிப்பு இன்னும் பலத்தது. இந்த முறை அவனுக்குப் புரிந்துவிட்டது; முகம் வெளுத்தது. அம்மாவைப் பார்த்தான். பிறகு வேதாந்தத்தின் பேப்பரிலிருந்து ஒரு தாளை மெல்ல உருவி, முகத்தை மூடிக்கொண்டான்.

விசில் பறந்தது. வேதாந்தமே சிரிப்பை அடக்க இருமினார். ரோஸிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இந்தக் கோழைக்காகவா வீட்டில் அத்தனை ஏச்சு வாங்கினோம்? காட்சிப்படி அவனுக்குக் கொடுக்க வேண்டிய காபியை ஒரே மடக்கில் தானே குடித்துவிட்டு, டம்ளரை அவன் மடியில் கவிழ்த்தாள். அதற்கும் கைதட்டல்.

நாடகம் முடிந்ததும் சூடாமணி மேக்கப் ரூமுக்கே வந்துவிட்டாள். ரோஸியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

"வாயே தெறக்காம என்ன பொருத்தம்மா ரெண்டு பேருக்கும். நெஜ ஜோடி தோத்துப் போயிடும்."

ரோஸி அச்யுத்தைப் பார்த்தாள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் எவனுக்குக் கிடைக்கும்? அவனும் வாயைத் திறந்தான்.

"எல்லாம் வேதாந்தம் மாமாவோட டைரக்‌ஷன்மா," என்றான்.

ரோஸி நெற்றிப் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினாள்.

"ஆன்ட்டி, நாளைக்கு எங்க வூட்ல எனக்கு நிச்சயம். மாப்ள பாலவாக்கம். அவசியம் வரணும். அச்யுத்தையும் இட்டுக்கினு வாங்க."

சூடாமணிக்கு ஒரே சந்தோஷம். நன்னா இரு என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்டியாடா என்று மகனைத் திரும்பிப் பார்த்தாள். அச்யுத் தலையை மட்டும் ஆட்டினான்.